டீச்சர் போட்ட தப்புக் கணக்கு

 

பொங்கலுக்குப் பிறகு ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கும் உண்டு. கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கடைசிவரை படியுங்கள்.

தீபாவளி முடிந்த வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். கோவில்பட்டியில் சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்து ஓட்டுகிறான். டீசல் வண்டி, பத்து வருடம் ஆகிவிட்டது. முறுக்கு, அதிரசம் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கேட்டான். "டீச்சர், ஒரு ஹைப்ரிட் கார் எடுக்கலாம்னு இருக்கேன். சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிட ரெண்டரை லட்சம் கூட வருது. மைலேஜ்ல அதை எடுத்துரலாம்னு ஷோரூம்ல சொல்றாங்க. மெட்ராஸ்ல உங்க மக வச்சிருக்கிறதும் அதே வண்டிதானே, நீங்க சொல்லுங்க, எடுக்கட்டுமா?"

அவன் சொன்னது உண்மைதான். மகளும் மாப்பிள்ளையும் போன வருடம் வாங்கினார்கள். ஐப்பசியில் நான் சென்னையில் மூன்று வாரம் இருந்தபோது தாம்பரம், வேளச்சேரி, தி.நகர் என்று அந்தக் காரில் நன்றாகச் சுற்றினேன். எனக்கு டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே வருவது ஒரு பழக்கம். லிட்டருக்கு 26, சில நாள் 27 கிலோமீட்டர் என்று காட்டியது. கீழ்வீட்டுக்காரரிடம் அதே கம்பெனியின் சாதாரணப் பெட்ரோல் கார் இருந்தது. அவரைக் கேட்டதற்கு 12, 13 தருகிறது என்றார்.

உடனே பேப்பரை எடுத்தேன். அவனுடைய ஓட்டம் மாதம் 4,000 கிலோமீட்டர். சாதாரணக் கார் 12.5 தந்தால் 320 லிட்டர். ஹைப்ரிட்டுக்கு 27 என்று வைக்காமல் கவனமாகக் குறைத்து 25 என்றுதான் வைத்தேன் (அந்தக் கவனம் வேறு!). அதற்கு 160 லிட்டர். ஆக மாதம் 160 லிட்டர் மிச்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16,000 ரூபாய். இரண்டரை லட்சம் பதினாறே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. "தாராளமா எடுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. "டியூ கட்டினதுக்கு அப்புறமும் மாசம் பத்தாயிரம் கையில நிக்கும் டீச்சர். மூத்தவளுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் அதுலயே கட்டிருவேன். தை பொறந்ததும் புக் பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பையன் வண்டி டவுனுக்குள்ளயா ஓடுது?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் வண்டி டவுனுக்குள் எங்கே ஓடுகிறது? மதுரை விமான நிலையம், திருச்செந்தூர், தூத்துக்குடி, திருவனந்தபுரம், மாதத்தில் இரண்டு தடவை சென்னை. எல்லாமே நெடுஞ்சாலை. நான் கணக்குப் போட்டது வேளச்சேரி சிக்னலில் நின்று நின்று போகும் காருக்கு.

சாதாரணக் கார் நெடுஞ்சாலையில் அதிக மைலேஜ் தரும், டவுனில் குறைவாகத் தரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே மாதிரி ஹைப்ரிட்டும் நெடுஞ்சாலையில் இன்னும் அதிகமாகத் தருமோ என்று முதலில் ஒரு ஆறுதல் தேடினேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அது நேர்மாறாக இருந்தது.

ஹைப்ரிட் என்றால் என்ன என்று என் தங்கை முதற்கொண்டு பலர் கேட்கிறீர்கள். "சார்ஜ் போடணுமா அக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் காருக்குச் சார்ஜ் போட வேண்டாம். பிளக்கே கிடையாது. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்சார மோட்டார் ஒன்று, சின்னதாக ஒரு பேட்டரி. ஓடும்போது கார் தானே பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா விற்க ஆரம்பித்த பிரியஸ் கார்தான் இந்த வகையைப் பெரிய அளவில் ரோட்டுக்குக் கொண்டுவந்தது.

நம் காலத்துச் சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டால் லைட் எரியும், ஆனால் பெடல் கனமாகிவிடும். மிதிக்கிற நம் பலத்தில் கொஞ்சம் மின்சாரமாகப் போவதால்தான் அந்தக் கனம். ஹைப்ரிட் காரில் காலைப் பெடலிலிருந்து எடுத்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ அந்த மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். காரின் வேகம் குறையும், அந்த வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகும். சாதாரணக் காரில் இதெல்லாம் பிரேக் சூடாகி வீணாகப் போய்விடுகிறது. சிக்னல் விழுந்து மறுபடி கிளம்பும்போது, சேர்த்துவைத்த மின்சாரத்தில் கார் சத்தமில்லாமல் நகரும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜினும் அணைந்துவிடும்.

அதனால் நின்று நின்று போகும் நகரம்தான் அதற்குச் சம்பாதிக்கிற இடம். பெரம்பலூர் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை எங்கே பிரேக் போடுகிறோம்? டோல்கேட்டில் கொஞ்சம், ஊர் விலக்கில் கொஞ்சம். பிரேக் போடாவிட்டால் டைனமோவுக்கு வேலை இல்லை. பேட்டரியும் சின்னது. முழுக்க நிரம்பியிருந்தாலும் சில கிலோமீட்டர்தான் வண்டியை இழுக்கும். ஆக நெடுஞ்சாலையில் பெரும்பாலான வேலை பெட்ரோல் இன்ஜின் தலையில்தான்.

அப்படியென்றால் நெடுஞ்சாலையில் பயனே இல்லையா என்றால், அதுவும் தப்பு. இந்தக் கார்களில் பலவற்றில் அட்கின்சன் முறை என்ற சிக்கனமான இன்ஜின் இருக்கிறது. தனியாக ஓடினால் கிளம்பும்போது அதற்கு இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுவதால் அதை வைக்க முடிகிறது. அதனால் நெடுஞ்சாலையிலும் சாதாரணக் காரைவிடக் கொஞ்சம் கூடத் தரும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் என் மாணவனின் இரண்டரை லட்சம் நிற்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. நம் நாட்டில் கம்பெனிகள் சொல்லும் மைலேஜ் ரோட்டில் எடுத்தது கிடையாது. சோதனைக் கூடத்தில் காரை உருளை மேல் நிறுத்தி ஓட்டி எடுப்பது. சுமார் 20 நிமிடம், பத்தரை கிலோமீட்டர் ஓட்டம். அதிகபட்ச வேகம் 90. நின்று நின்று போகும் பகுதியும் சேர்ந்து சராசரி மணிக்கு 33 கிலோமீட்டர்கூட வராது. ஏசியும் ஓடாது. இது ஹைப்ரிட்டுக்குத் தோதான சோதனை. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் நகரத்துக்கு ஒரு எண், நெடுஞ்சாலைக்கு ஒரு எண் என்று ஒட்டியிருப்பார்கள். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2010 பிரியஸுக்கு நகரத்தில் 51, நெடுஞ்சாலையில் 48 மைல் என்று போட்டிருந்தது. சாதாரணக் காருக்கு நெடுஞ்சாலை எண்தான் பெரிதாக இருக்கும். நம் ஊரில் ஒரே எண்தான் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு டாக்ஸிக்காரனும் கணக்குப் போடுகிறான், ஆபீஸ் போகிறவரும் போடுகிறார்.

படித்தது போதும், நாமே அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பொங்கலுக்கு மகள் குடும்பம் இங்கே காரில் வந்திருந்தது. அவனுக்குப் போன் செய்து, "புக்கிங்கை இந்த மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைப்பா, ஒரு சின்னச் சந்தேகம்" என்றேன். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

அளந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி பைபாஸ் பங்க்கில் ஃபுல் டேங்க். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்றக் கூடாது. அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டோம். சென்னைக்குள் நுழையும் முன்பே கூடுவாஞ்சேரியில் மறுபடி அதே மாதிரி ஃபுல் டேங்க். நகர ஓட்டம் கலந்துவிடக் கூடாது அல்லவா? டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பவில்லை. ஓடிய தூரம், ஊற்றிய லிட்டர், இரண்டு மட்டும்தான் கணக்கு. ஏழாம் வகுப்புப் பேரன்தான் எழுத்தர்.

போகும்போது மாப்பிள்ளை ஓட்டினார். அவர் இயல்பாக எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டச் சொன்னோம். சாத்தூர், விருதுநகர், மதுரை பைபாஸ், மேலூர், திருச்சி என்று வேகம் நூறை ஒட்டியே இருந்தது. ஐந்து பேர், டிக்கி நிறைய அரிசியும் கருப்பட்டியும், ஏசி முழு நேரமும். 528 கிலோமீட்டர், கூடுவாஞ்சேரியில் ஊற்றியது 28.7 லிட்டர். வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 18.4.

டேஷ்போர்டு 19.5 என்று காட்டியது. மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "பங்க்ல அளவு சரியில்லையோ அத்தை" என்றார். பங்க்குக்குப் பங்க் குழாய் நிற்கும் அளவு சற்று மாறும்தான். அரை லிட்டர் தப்பு என்றே வைத்தாலும் 18.1 அல்லது 18.7. அதற்கு மேல் மாறாது.

பிறகு பத்து நாள் சென்னைக்குள் மட்டும் ஓட்டம். 306 கிலோமீட்டர், அதே கூடுவாஞ்சேரி பங்க்கில் 12 லிட்டர். 25.5! என் தீபாவளிக் கணக்கில் வைத்த 25 சரியான எண்தான். போட்ட இடம்தான் தப்பு.

ஜனவரி 26 விடுமுறையை ஒட்டி எங்களைக் கொண்டுவந்து விட மறுபடி ஐந்து பேரும் கிளம்பினோம். இந்தத் தடவை மகள் ஓட்டினாள். "80க்கு மேலே போகாதே" என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அதுவே பெரிய சோதனை. விக்கிரவாண்டி தாண்டியதும் லாரிகூட முந்திக்கொண்டு போனது. பேரன் பின்னால் உட்கார்ந்து, "ஆச்சி, நாம நடந்தே போயிருக்கலாம்" என்றான். அதே 528 கிலோமீட்டர், கோவில்பட்டியில் ஊற்றியது 22.5 லிட்டர். லிட்டருக்கு 23.5.

கார் ஒன்று, ரோடு ஒன்று, ஆட்களும் அதே ஆட்கள். ஒரு தடவை 18.4, ஒரு தடவை 23.5. போகும்போது டிக்கியில் பாரம் கொஞ்சம் கூட, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் காற்றுதான். சைக்கிளில் வேகமாகப் போனால் சட்டை படபடக்குமே, அதே காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். 80லிருந்து 100 என்றால் வேகம் ஒன்றேகால் மடங்கு. ஒன்றேகாலை ஒன்றேகாலால் பெருக்கினால் 1.56. அதாவது காற்றின் தடை 56 சதவீதம் கூடிவிடுகிறது. டயர் ரோட்டில் உருளும் தடையும் உண்டு, அது வேகத்தோடு அவ்வளவாக ஏறாது. அதனால் மொத்தத்தில் எங்களுக்குப் பெட்ரோல் 28 சதவீதம் கூடுதலாகச் செலவானது. ஹைப்ரிட்டாக இருந்தாலும் காற்று விட்டுக்கொடுக்காது. முன்னால் தள்ளிய காற்றிலிருந்து எந்த டைனமோவும் எதையும் திரும்ப எடுக்க முடியாது.

நேரத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாக வந்ததில் ஒரு மணி பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. மிச்சமானது 6.2 லிட்டர், அதாவது சுமார் 620 ரூபாய். எங்கள் மாதிரி ஓய்வு பெற்றவர்களுக்கு அது லாபம். விமானத்தைப் பிடிக்கப் போகிறவருக்கு அது சரிப்படாது.

நடுவில் ஒரு வகுப்பும் நடந்தது. பேரன் 18.4ஐயும் 23.5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, "சராசரி 20.95 ஆச்சி" என்றான். நான் விடவில்லை. உங்களில் பலர் எட்டாம் வகுப்பில் இதே இடத்தில்தான் வழுக்கி விழுந்தீர்கள். ஓடியது மொத்தம் 1,056 கிலோமீட்டர், குடித்தது மொத்தம் 51.2 லிட்டர். வகுத்தால் 20.6தான் வரும். போக லிட்டருக்கு 24, வர லிட்டருக்கு 16 என்று வைத்துப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். 480 கிலோமீட்டருக்குப் போக 20 லிட்டர், வர 30 லிட்டர். 960ஐ 50ஆல் வகுத்தால் 19.2. கூட்டி வகுத்தால் வரும் 20 தப்பு. மைலேஜைக் கூட்டாதீர்கள். தூரத்தைத் தனியாகக் கூட்டுங்கள், லிட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் ஒரே தடவை வகுங்கள்.

மாப்பிள்ளைக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அவர்கள் சென்னைக்குத் திரும்பும்போது தானே 90இல் ஓட்டிப் பார்த்து, கூடுவாஞ்சேரியிலிருந்து பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். 25 லிட்டர். லிட்டருக்கு 21.1. சென்னையிலிருந்து வரும்போது 80இல் 23.5, இப்போது 90இல் 21.1, முதலில் நூறை ஒட்டி 18.4. பேரன் இதைக் கிராஃப் தாளில் குறித்து அனுப்பியிருக்கிறான். கோடு இறங்குகிறது.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. மாணவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் மைத்துனனிடம் அதே காரின் சாதாரணப் பெட்ரோல் வண்டி இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தான். அதை மதுரைக்குப் போய்வர ஃபுல் டேங்க் முறையில் அளந்துகொண்டு வா என்றேன். 16 என்று கொண்டுவந்தான். ஹைப்ரிட்டுக்கு அவன் ஓட்டுகிற வேகத்துக்கு 20 என்று தாராளமாகவே வைத்தோம். இந்தத் தடவை பேனாவை அவன் கையில் கொடுத்தேன்.

மாதம் 4,000 கிலோமீட்டர். 16ஆல் வகுத்தால் 250 லிட்டர். 20ஆல் வகுத்தால் 200 லிட்டர். மிச்சம் 50 லிட்டர், 5,000 ரூபாய். இரண்டரை லட்சம் திரும்பி வர 50 மாதம், அதாவது நாலு வருடம் இரண்டு மாதம். கையில் காசு வைத்திருப்பவனுக்கு இது. அவன் கடன் வாங்கப் போகிறவன். ஐந்து வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 2,125. இரண்டரை லட்சத்துக்கு ஏறத்தாழ 5,300. பெட்ரோலில் மிச்சமாவது 5,000, கூடுதல் தவணை 5,300. அறுபது மாதமும் கையிலிருந்து 300 ரூபாய் போகும். என் தீபாவளிக் கணக்குப்படி அவன் கையில் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் நின்றிருக்க வேண்டும்.

அவன் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளின் ஹாஸ்டல் ஃபீஸைத்தான் நினைத்திருப்பான். நான் சொன்னேன், "தப்பு என்னுதுப்பா. நீ எந்த ரோட்டுல ஓட்டுறேன்னு கேக்காமலே கணக்குப் போட்டுட்டேன்."

அவன் சிரித்தான். "ஏழாங்கிளாஸ்ல விடை சரியா எழுதினதுக்கே வழி போடலைன்னு எனக்கு ரெண்டு மார்க் குறைச்சீங்க டீச்சர். ஞாபகம் இருக்கா?" என்றான்.

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் செய்திருப்பேன். அன்று வழி போடாமல் விடையை மட்டும் சொன்னது நான். அதை ஒரு பெரிய கடை விளம்பரத்தில் பார்த்திருந்தால் அவன் நாலு பேரிடம் விசாரித்திருப்பான். டீச்சர் சொன்னதால் விசாரிக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்தி நான் சம்பாதித்தது அந்த நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு அவனை ஐந்து வருடக் கடனில் இறக்கிவிடப் பார்த்தேனே என்பதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அவன் இப்போதைக்குப் புது வண்டி எடுக்கவில்லை. பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை மட்டும் பார்த்து இன்னும் ஒரு வருடம் ஓட்டப் போகிறான். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன் என்றான். பயணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அவசரம் ஒன்றும் கிடையாது அல்லவா? இப்போது 80ஐத் தாண்டுவதில்லையாம். காற்றுக்கு டீசல் வண்டி, ஹைப்ரிட் வண்டி என்ற பேதம் கிடையாது. போன வாரம் போன் செய்து, "டீச்சர், காலியா வர்ற ட்ரிப்புல ரெண்டு கிலோமீட்டர் கூடத் தருது" என்றான். அதற்குக் கடனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு ஹைப்ரிட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் நெரிசலில் போய்வரும் இன்னொரு மாணவி இதே கேள்வியைப் போன வாரம் கேட்டாள். இந்தத் தடவை முதலில் எந்த ரோடு என்று கேட்டேன், பிறகு மாதம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன், பிறகு கடனா கைக்காசா என்று கேட்டேன். அவளுடைய ஓட்டத்துக்கு ஹைப்ரிட் பொருத்தமாக இருக்கிறது, எடுக்கலாம் என்று சொன்னேன். வழியையும் எழுதி அனுப்பினேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஹைப்ரிட்' என்று பெயர் போட்ட எல்லாக் காரும் ஒன்றில்லை. சிலவற்றில் மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாகக் காரை இழுக்காது. அதை மைல்டு ஹைப்ரிட் என்கிறார்கள். நான் மேலே சொன்னதெல்லாம் மோட்டாரே காரை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு. ஷோரூமில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் அளந்தது ஒரே ஒரு கார், மூன்று நெடும் பயணம். அறிவியல் ஆசிரியர்கள் இதைச் சோதனை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்களில் கார் வைத்திருப்பவர்கள், எந்தக் கார் ஆனாலும் சரி, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஃபுல் டேங்க் போட்டு அளந்து எனக்கு எழுதுங்கள். எந்த ரோடு, என்ன வேகம், எத்தனை பேர், ஓடியது எத்தனை கிலோமீட்டர், ஊற்றியது எத்தனை லிட்டர் என்று ஐந்தும் வேண்டும். லிட்டருக்கு இவ்வளவு என்று விடையை மட்டும் எழுதுபவர்களுக்கு மார்க் கிடையாது.

மெதுவாக வாருங்கள். வீட்டில் சாப்பாடு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்